பேயாண்டி வாத்தியாரின் பதினெட்டு நிமிஷம்

பேயாண்டி வாத்தியார் எங்கள் நாடகக் கம்பெனிக்கு வந்து சேர்ந்ததே ஒரு சண்டையில்தான். 1923-ஆம் வருஷம். மதுரையில் ஒரு தகரக் கொட்டகையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். என் பெயர் பக்கீர் முகமது. அந்தக் கம்பெனியில் பதினைந்து வருஷம் எனக்கு அதுதான் வேலை. ராஜபார்ட் பாடிய பாட்டில், குடியானவர்கள் கம்பைத் தூரோடு அறுத்துக் கட்டுவதாக ஒரு வரி வந்தது. தட்டி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார். இருபத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி.

"இத எழுதுனவன் கம்மங்கொல்லையக் கண்ணால பாத்திருக்கானா? கதிரத்தான் மொதல்ல கொய்வாக. தட்டைய அப்பறமில்ல அறுப்பாக?"

முதலாளி காசிமாயன் கோபக்காரர். அன்றைக்கு என்னவோ சிரித்துவிட்டார். "அப்ப நீயே எழுது பாப்பம்" என்றார்.

"பென்சில் இருந்தாக் குடுங்க."

தரையில் குப்புறப் படுத்து, கால்மணி நேரத்தில் எட்டு வரி எழுதிக் கொடுத்தார். நான் வாசித்தேன், ராஜபார்ட் பாடினார். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசிவரை அவர் எழுதியது அப்படியே குப்புறப் படுத்துத்தான். பக்கத்தில் வறுத்த கடலை வேண்டும். எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அடித்தல் திருத்தல் இருந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துப்போட்டு மறுபடி எழுதுவார்.

வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு வானம் பார்த்த கிராமம் அவருக்கு. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கும் அவருடைய தகப்பனார் சோசியரைக் கூப்பிட்டுச் சாதகம் எழுதி வைத்தார். மூன்றும் ஐந்து வயதைத் தாண்டவில்லை. நாலாவதாக இவர் பிறந்தபோது வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. சாதகமும் எழுதவில்லை, நாள் நேரமும் குறிக்கவில்லை. ஏதோ ஒரு பேரை வைத்து விட்டுவிட்டார்கள். என்றைக்குப் பிறந்தேன் என்று அம்மா ஒச்சாயியிடம் கேட்டால், "ஆடு அடையிற நேரம், தூத்தல் போட்டுக்கிட்டு இருந்துச்சு" என்பாராம். எந்த மாசம் என்றால் அது ஞாபகமில்லை.

"சாதகம் எழுதுன மூணும் மண்ணுக்குள்ள போயிருச்சு பாய். எழுதாத நான்தான் உக்காந்து கடலை திங்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சோசியத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான். கட்சிப் பேச்சு, மேடைப் பேச்சு எதுவும் இல்லை.

மறுவருஷமே 'ஏழு மரக்கால் நெல்' என்று ஒரு நாடகம் எழுதினார். பஞ்சத்தில் நிலத்தை இழந்த ஒரு பெண்ணின் கதை. அழுகைதான் பெரும்பகுதி. ஆனால் ஜனங்களை இழுத்தது நடுவில் வரும் சோசியர் காட்சிதான். குடியானவன் ஒருவன் பிள்ளைக்குச் சாதகம் எழுதப் போவான். எப்போது பிறந்தது என்று சோசியர் கேட்பார். கோழி கூவையில் என்பான். "எந்தக் கோழி?" என்பார் சோசியர். "சேவக்கோழி சாமி." "எந்தச் சேவல்டா? மேலத்தெருச் சேவலா, கீழத்தெருச் சேவலா? ரெண்டுக்கும் ரெண்டு பலன்!" அந்த இடத்தில் எங்கள் பபூன் ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவான். கொட்டகை அதிரும். மதுரை, மேலூர், திண்டுக்கல், வாடிப்பட்டித் திருவிழா என்று போன இடமெல்லாம் அந்தக் காட்சியை இரண்டாம் தடவை ஆடச் சொல்லிக் கேட்டார்கள்.

1927-இல் அவருக்குக் கல்யாணம் ஆனது. பெண் முத்துத்தாய். அவளுடைய தகப்பனார் விருமாண்டி வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் கிணறும் தோட்டமும் உள்ள சம்சாரி. நல்ல மனிதர், ஆனால் தன் சோசியரைக் கேட்காமல் கிணற்றுக்கு வடக்கயிறுகூட மாற்றமாட்டார். மாப்பிள்ளைக்குச் சாதகம் இல்லை என்றதும் தயங்கினார். சோசியர் பெயர்ப் பொருத்தம் பார்த்துச் சரி என்றபிறகுதான் பாக்கு வெற்றிலை மாற்றினார். புருஷனும் பெண்சாதியும் மதுரையில் பஞ்சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார்கள். என் வீடு இரண்டு தெரு தள்ளி.

1929, ஐப்பசி மாதம். முத்துத்தாய்க்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது நடந்தது. தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு விடியற்காலையில் வலி கண்டுவிட்டது. வாத்தியார் மழையில் நனைந்தபடி என் வீட்டுக் கதவைத் தட்டினார். எங்கள் தெரு மருத்துவச்சி மரியம் பீவியை எழுப்பி அழைத்துப் போனோம்.

அன்று வாத்தியார் செய்த ஒரு காரியம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கம்பெனியில் மணி அடிப்பதற்காக வைத்திருந்த டைம்பீஸை முதலாளியிடம் கேட்டு முந்தின வாரமே வாங்கி வந்திருந்தார். தினமும் ஆலைச் சங்கு ஊதும்போது முள்ளைச் சரிபார்த்து வைப்பாராம். அதை மடியில் வைத்துக்கொண்டு வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாத்தியாரே, நீங்களா நேரம் பாக்குறீக?" என்றேன்.

"சோசியத்துக்கு இல்ல பாய். எனக்குத்தான் எப்பப் பொறந்தேன்னு தெரியாமப் போச்சு. எம்புள்ள கேட்டா ஒழுங்கா ஒரு பதில் சொல்லணும்ல."

உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிஷம். நாடக நோட்டீஸ் ஒன்றின் பின்புறத்தில் அதைத் தன் அச்செழுத்தில் எழுதினார். உள்ளே மரியம் பீவிக்குக் கத்தி கொதிக்க வைக்க வேண்டியிருந்தது. அடுப்பு ஈரத்தில் பற்றவில்லை. அவர் தொப்புள் கொடியை அறுத்தபோது ஆறுமணிச் சங்கு ஊதியது.

பெண் குழந்தை. தங்கப்பொண்ணு என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் அதன் முகத்தைப் பார்த்தது மூன்று நாள்.

நாலாம் நாள் விருமாண்டி தன் சோசியரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அன்று காலை ஐந்து ஐம்பது வரை கேட்டை நட்சத்திரம். அதற்குப் பிறகு மூலம். குழந்தை எப்போது பிறந்தது என்று மரியம் பீவியைக் கேட்டார்கள். அந்த அம்மாள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: "சங்கு ஊதயில கொடி அறுத்தேன்."

"அப்ப மூலம். மொதப் பாதம்" என்றார் சோசியர். "தகப்பனுக்கு ஆகாது. பன்னெண்டு வருசம் தகப்பன் புள்ள மொகத்தையும், புள்ள தகப்பன் மொகத்தையும் பாக்கக் கூடாது. மீறுனா தகப்பன் உசுருக்குத்தான்."

வாத்தியார் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். "சங்குக்குப் பதினெட்டு நிமிசம் முந்தியே புள்ள அழுதுருச்சு. நான் கடியாரம் பாத்து எழுதிவச்சிருக்கேன். பக்கீர் பாயும் கேட்டாரு."

"கொடி அறுக்கிறதுதான்யா பொறப்பு. அது வரைக்கும் தாயோட சேத்தி" என்றார் சோசியர்.

விருமாண்டி கடியாரத்தையும் காகிதத்தையும் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. "மாப்ள, தப்பா எடுத்துக்கிறாதீக. ஒங்களுக்கு ஒங்க நேரமே தெரியாது. புள்ள நேரத்த நீங்க சொன்னா எப்பிடி?" என்றார்.

வாடிப்பட்டித் திருவிழாவில் சேவல் காட்சியைப் பார்த்து ஆத்திரப்பட்டுத்தான் அந்த சோசியர் பழிவாங்கினார் என்று கம்பெனியில் சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் முகத்தில் உண்மையான பயம் இருந்தது.

முத்துத்தாய் மட்டும் மறுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அவள் எப்படி மறுப்பாள்? புருஷன் உயிர் போய்விடும் என்கிறார்கள். பச்சை உடம்புக்காரி, குழந்தையைத் துணியால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். "நீங்க உசுரோட இருந்தாப் போதும்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். வண்டி சந்து திரும்பும்வரை வாத்தியார் டைம்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு இரண்டு வருஷம் அந்த மனிதர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் தாங்காது. சோசியத்தை நம்பாத ஒருவர், ஊரில் உள்ள அத்தனை சோசியர்கள் வீட்டுக்கும் போனார். விருமாண்டியிடம் நியாயம் பேசிப் பிரயோசனம் இல்லை. சோசியத்தைச் சோசியத்தால்தான் வெட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். தனக்கு ஆயுள் கெட்டி, பிள்ளையால் ஒன்றும் ஆகாது என்று யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் பிறந்த நேரம் தெரியாதவருக்கு எந்தச் சோசியர் சாதகம் கணிப்பார்? அதனால் நேரம் தேவைப்படாத சோசியங்களாகத் தேடிப் போனார். நானும் கூடப் போனேன்.

புதுமண்டபத்துப் பக்கம் ஏடு பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். வலது கைக் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு, ஓலைக் கட்டிலிருந்து ராகம் போட்டு வாசித்தார். முற்பிறவியில் இவர் ஓர் அரண்மனைக் கணக்கராம். பொய் எழுதி ஒரு தாயையும் மகனையும் பிரித்தவராம். அதனால் இந்தப் பிறவியில் எழுத்தால் பிழைப்பார், எழுத்தால் பலன் அடையமாட்டார். ஆயுள் எழுபத்திரண்டு.

வெளியே வந்ததும் வாத்தியார், "நாடகக்காரன்னு தெரிஞ்சுக்கிட்டு சொல்றான் பாய்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "பொய் எழுதிப் பிரிச்சவன்னு சொன்னான் பாத்தீகளா" என்று வழியெல்லாம் இரண்டு மூன்று தடவை சொன்னார்.

அடுத்தது என் பொறுப்பு. கோரிப்பாளையத்தில் மார்க்கம் ஓதிய அசரத் ஒருவர் இருந்தார். பேரையும் தாயார் பேரையும் அரபி எழுத்தில் எழுதி, எழுத்துக்கு இவ்வளவு என்று எண் போட்டுக் கூட்டிப் பார்த்துச் சொல்வார். என் பெண்சாதி மைதீன் பீவிக்கு இது பிடிக்கவில்லை. "மறைவானது அல்லாவுக்குத்தான் தெரியும். அந்த மனுசன வேற இதுல இழுத்து விடுறீகளே" என்றாள். நான் கேட்கவில்லை. அசரத் வெகுநேரம் எழுதி எழுதிப் பார்த்தார். "உங்க பேரு எங்க எழுத்துல முழுசா வரமாட்டேங்குதே தம்பி" என்று வருத்தப்பட்டார். ஒருவழியாகக் கூட்டி, இவருடையது தண்ணீர்க் குணம் என்றார். எதன்மேலும் முட்டி நிற்காது, எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போகும் குணம். யார் துக்கமும் உள்ளே இறங்கிவிடும். ஆயுளைப் பற்றிக் கேட்டதற்கு, அதை யாரும் சொல்லக் கூடாது என்று தாளை மடித்துவிட்டார்.

தபாலாபீசில் ஒரு குமாஸ்தா, நாடகப் பிரியர். இங்கிலீஷ் சோசியப் புத்தகம் வைத்திருந்தார். அதற்குப் பிறந்த தேதி இருந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அங்கிருந்த வாத்தியார் தன் இஷ்டத்துக்கு ஜூன் ஒன்று என்று எழுதியிருந்தார்; அதைச் சொன்னோம். குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இரட்டையர் ராசி. பேச்சில் கெட்டிக்காரர். பத்துப் பேரைச் சிரிக்க வைப்பார், தனியாக இருந்தால் வேறு ஆள். எழுதுகிற தொழில். நினைத்ததை நேருக்கு நேர் சொல்லமாட்டார், வேறு யார் வாயிலோ வைத்துச் சொல்வார்.

பேயாண்டி வாத்தியார் அதைக் கேட்டு ஆடிப்போனார். "அம்புட்டும் நான்தான் பாய். அப்படியே நான்தான்" என்றார்.

"தேதியே பொய்யாச்சே வாத்தியாரே."

"ஆமால்ல" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போவார். வீட்டுக்குள் விடமாட்டார்கள், தோட்டத்துக் கிணற்றடியில் வைத்துத்தான் பேச்சு. விருமாண்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். ஏடு என்றால், "அது போன சென்மத்துக் கதை மாப்ள" என்பார். அசரத் சொன்னதற்கு, "அது அவுக மொறை. நமக்கு நம்ம மொறைதான்" என்றார். இங்கிலீஷ் புத்தகத்துக்கு, "வெள்ளக்காரன் ஊர்ல மேகம் மூடிக்கிட்டே இருக்குமாம்ல. அவன் என்னத்த நச்சத்திரம் பாத்தான்?" என்று கேட்டார். பிறகு ஒரு கூடை நிறையக் கத்தரிக்காயும் வாழைக்காயும் கொடுத்து அனுப்புவார்.

1931-இல் கடைசியாக வண்டியூர் போனோம். தெப்பக்குளத்துக்குக் கிழக்கே ஒரு கணித சோசியர் இருந்தார். வாத்தியாருக்குச் சாதகம் வேண்டாம், குழந்தைக்கே சரியான நேரத்தை வைத்துப் புதிதாகக் கணித்துத் தாருங்கள் என்று கேட்பதாகத் திட்டம். நான் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வாத்தியார் வெளியே வந்தார். "ஆளு சரியில்ல பாய். வாங்க போகலாம்" என்றார். அதோடு சோசியர் வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாமனாரிடம் வாதாடுவதையும் நிறுத்திவிட்டார்.

உள்ளே நடந்ததைப் பத்து வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். கதை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியூர் சோசியர், குழந்தை அழுத நேரம்தான் பிறந்த நேரம் என்று ஒப்புக்கொண்டார். நேரம் குறித்த அழகைப் பாராட்டவும் செய்தார். ஐந்து நாற்பத்திரண்டு என்றால் மூலம் இல்லை; கேட்டை, நாலாம் பாதம். தகப்பனுக்கு ஒரு குறையும் வராது. குழந்தைக்குத்தான் ஆகாது. பன்னிரண்டு வயது தாண்டுவது சந்தேகம்.

"நான் நம்பல பாய்" என்றார் வாத்தியார், சொல்லும்போது. "சத்தியமா நம்பல. ஆனா பொய்யின்னு நெஞ்சத் தொட்டுச் சொல்லவும் முடியல. எங்கக்கா அண்ணே மூணு பேருக்கும் சாதகத்துல இப்பிடி ஏதோ இருந்துச்சின்னு எங்காத்தா சொல்லியிருக்கு. இத அங்க போய்ச் சொன்னா என்ன ஆகும்? முத்துத்தாயி தெனமும் புள்ளைய எழவு காத்த மாதிரி பாத்துக்கிட்டு இருப்பா. எனக்குத்தான் ஆகாதுன்னு நெனச்சுக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன். பயப்படுறதுக்கு ஒரு ஆளு போதாதா?"

அந்தப் பத்து வருஷமும் கூடவே இருந்த எனக்கு இது தெரியாது. அவர் மாறிப்போனது மட்டும் தெரிந்தது. ஒருநாள் முதலாளி காசிமாயனிடம் போய், 'ஏழு மரக்கால் நெல்' நாடகத்தில் சோசியர் காட்சியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார்.

"என்னய்யா, கிறுக்குப் பிடிச்சிருச்சா? சனம் அதுக்குத்தான்யா வருது."

"அது நான் எழுதுனதுதான அண்ணே. எடுத்துருங்கன்னு நான்தான கேக்குறேன்."

"எழுதுனதோட ஒன் வேலை முடிஞ்சது. இப்ப அது சனங்களோடது" என்றார் முதலாளி. காட்சி அப்படியே இருந்தது. சேவல் வரும் இடம் நெருங்கும்போது வாத்தியார் கொட்டகையை விட்டு வெளியே போய்விடுவார். சிரிப்புச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும்.

முத்துத்தாய் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை தனியாக வந்து போவாள். துணி துவைத்துப் போட்டு, ஊறுகாய் ஜாடியை நிரப்பிவிட்டு, மறுநாளே பிள்ளை தேடும் என்று கிளம்பிவிடுவாள். குழந்தை நடக்கிறது, பேசுகிறது, பல் விழுந்துவிட்டது என்று அவள் சொல்லச் சொல்ல, வாத்தியார் கேட்டுக்கொண்டே இருப்பார்.

1936 பங்குனியில் தங்கப்பொண்ணுக்குப் பெரியம்மை போட்டிருப்பதாகச் சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் வாத்தியார் நடக்க ஆரம்பித்துவிட்டார். பரவையைத் தாண்டி அவரை எட்டிப்பிடித்தேன். வாடிப்பட்டி போய்ச் சேரும்போது மத்தியானம். விருமாண்டி வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. முத்துத்தாய் வேலிப்படல் வரைக்கும் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"வராதீக. ஒங்களக் கும்புடுறேன். உள்ள வந்தா ஒங்களுக்கு ஆகாது."

வாத்தியார் படலுக்கு வெளியே நின்றுவிட்டார். எனக்கு ஒன்றும் ஆகாது, ஆபத்து உள்ளே படுத்திருக்கிற பிள்ளைக்குத்தான் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வார்? "தண்ணி குடிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

"எளநி குடுத்தம். ரெண்டு வாய் குடிச்சா."

"கண்ணுல எதுவும் போட்டிருக்கா?"

"கண்ணுல இல்ல."

ஒன்பது நாள் அந்த ஊர் மந்தையில் புளியமரத்தடியில் கிடந்தார். அம்மை இறங்கி மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றியாயிற்று என்று விருமாண்டியே வந்து சொன்ன பிறகுதான் மதுரைக்குத் திரும்பினார். அவருடைய தாடியில் அந்த ஒன்பது நாளில் நரை தெரிந்தது.

1938-இல் கம்பெனியை இழுத்து மூடினார்கள். ஜனங்கள் டாக்கி பார்க்கப் போய்விட்டார்கள். நான் கல்யாண வீடுகளில் வாசிக்கப் போனேன். வாத்தியார் கலெக்டர் கச்சேரி வாசலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். அந்த எழுத்துக்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள்.

1941 ஐப்பசியில் ஒரு காலை, அல்வாப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "எம்மகளுக்குப் பன்னெண்டு முடிஞ்சு போச்சு பாய்" என்றார். அன்றைக்குத்தான் வண்டியூர் விஷயத்தை முழுசாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து ஒரு பாட்டம் அழுதார். மைதீன் பீவி வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பஸ் ஏறினோம். இந்தத் தடவை விருமாண்டி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் சோசியர் சொன்ன கெடுவும் முடிந்துவிட்டதல்லவா. முத்துத்தாய் உள்ளே போய் மகளைக் கூப்பிட்டாள். பெண் வரவில்லை. நெல் கொட்டும் குலுக்கைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். தாய் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். பாவாடை தாவணி, அம்மைத் தழும்பு இருந்த கன்னம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

"கண்ணத் தெறடி. ஒங்கய்யாடி."

"மாட்டேன்மா. நான் பாத்தா அவுக செத்துப் போயிருவாக."

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தது அது. மதுரை பஸ் வந்தால்கூட அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம், தகப்பன் இறங்கிவிடுவாரோ என்று. வாத்தியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆத்தா, நீ மூலமே இல்ல தாயி. கேட்டை. ஒன்னால எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். மூடிய கண் மூடியபடியே இருந்தது.

விருமாண்டி அவரையும் என்னையும் மட்டும் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனார்.

"மாப்ள, பன்னெண்டு வருசங்கழிச்சு நச்சத்திரத்த மாத்தாதீக. பரவையில பேசி முடிச்சிருக்கேன். மூலம் மாமனாருக்கு ஆகாதுன்னுதான் தகப்பன் இல்லாத பையனாத் தேடிப் பிடிச்சேன். அந்தப் பையனுக்கு ஒரு அண்ணன் இருக்கான். கேட்டைன்னா அந்த அண்ணனுக்கு ஆகாதும்பாக. நீங்க வாயத் தெறந்தா எம்பேத்திக்கு எங்கயும் கல்யாணம் நடக்காது."

ராஜாவுக்கும் மந்திரிக்கும் பக்கம் பக்கமாக எதிர்வாதம் எழுதியவர் வாத்தியார். "சரி மாமா. மூலமாவே இருக்கட்டும்" என்றார்.

1945 தை மாதம் கல்யாணம் நடந்தது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தது தாத்தாதான். தகப்பனார் கூட்டத்தில் நின்று அட்சதை போட்டார். முத்துத்தாய் பதினைந்து வருஷம் கழித்து மதுரைக்கு வந்து குடித்தனம் நடத்தினாள். இரண்டு பேருக்கும் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சோறு வைக்கவா என்பாள், வை என்பார்.

பரவைச் சந்தைக்கு வாரம் தவறாமல் வாத்தியார் போக ஆரம்பித்தார். தங்கப்பொண்ணும் புருஷனும் அங்கே காய்கறி போட்டிருந்தார்கள். மருமகன் நல்ல பையன். "வாங்க மாமா" என்று சாக்கை உதறிப் போடுவான். தங்கப்பொண்ணு குனிந்த தலையோடு காயை நிறுத்துக் கட்டிக் கொடுப்பாள். கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்பார். சொல்வாள். மழை உண்டா என்பார். உண்டு என்பாள். ஒருநாள் நான் கூடப் போயிருந்தேன். "இம்புட்டுத்தானா வாத்தியாரே பேச்சு?" என்று திரும்பும்போது கேட்டேன். "எனக்கு இதுக்கு வசனம் வரமாட்டேங்குது பாய்" என்றார்.

1949 மார்கழியில் சளிக்காய்ச்சல் கண்டு, ஐந்தாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது.

தங்கப்பொண்ணு மத்தியானம் வந்தாள். மற்ற பெண்கள் மாதிரி மாரடித்து அழவில்லை. என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தாள்.

"மாமா, நான்தான் கொன்னுபுட்டேன்."

"என்னம்மா பேசுற?"

"போன வாரம் சந்தையில அவுகளுக்கு ஒரே இருமலு. செம்புல தண்ணி குடுத்தேன். அண்ணாந்து குடிக்கையில கண்ண மூடிக்கிட்டாக. அப்ப பாத்துட்டேன் மாமா. நல்லாப் பாத்துட்டேன். அவுக மூக்குதான் எனக்கும்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சங்கு, கடியாரம், அடுப்பு பற்றாதது, வண்டியூர் சோசியர், அவர் பத்து வருஷம் வாய் திறக்காமல் இருந்தது, எதையும் விடவில்லை. அவள் முழுதும் கேட்டாள். என் மேல் அவளுக்கு மரியாதை இருந்தது. அதனால் குறுக்கே பேசவில்லை.

"நீங்க நல்லவுக மாமா. எம்மனசு ஆறணும்னு சொல்றீக" என்றாள்.

வாசலில் பச்சை மூங்கிலை வெட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்.

"அய்யா எழுதுன நாடகம் ஒண்ணுகூட நான் பாத்ததில்ல. நல்லா இருக்குமா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"அழுகாச்சி நாடகமா?"

"அழுகையும் இருக்கும். சிரிப்பும் இருக்கும்."

சரி என்று தலையை ஆட்டினாள். உள்ளே குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் கேட்டார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.